வேடிக்கை பார்ப்பவர் கையில் குச்சி

உள்ளூர்க் கலைவிழா நடத்துகிறவர்கள், அழைப்பிதழில் 'அனுமதி இலவசம்' என்று போட்டுவிட்டால் மக்கள் பங்கேற்பு தானாக வந்துவிடும் என்று நம்புகிறார்கள். பறை சொல்லிக்கொடுக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இந்த நம்பிக்கை கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. கட்டணம் இல்லையென்றால் நாற்காலிகள் நிறையும், அவ்வளவுதான். ஊர்க்காரர் விழாவில் பங்கெடுக்க வேண்டுமென்றால், அவர் இல்லாவிட்டால் குறைபடும்படியான ஒரு வேலை அந்த நிகழ்ச்சிக்குள்ளேயே அவருக்கு இருக்க வேண்டும். அந்த வேலைக்கு அவரைத் தயார்செய்வதுதான் இலவச இசை வகுப்பின் பயன். எல்லாக் கலை வடிவமும் இதற்கு இடம் கொடுப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

திருவையாற்றையே எடுத்துக்கொள்வோம். தியாகராஜர் ஆராதனைக்கு நுழைவுச்சீட்டு கிடையாது. பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடும் கோஷ்டியில் பெரிய வித்வானும் பெயர் தெரியாத மாணவரும் சேர்ந்தே உட்கார்ந்திருப்பார்கள்; ஒரு குரல் பிசகினால் பக்கத்துக் குரல்கள் அதை மூடிவிடும். கூட்டிசைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு சொல்வது கடினம். ஆனால் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்தையும் சரணங்களோடு பாட வேண்டுமானால் அதற்கு முன்னால் பல வருடப் பாடம் வேண்டும். அந்தப் பாடம் எல்லா வீட்டுக்கும் எட்டுவதில்லை. இலவசமாக இருந்த அந்த இடம் எல்லாருக்குமானதாகவும் இருக்கவில்லை. தியாகராஜர் சமாதியைத் தன் செல்வத்தைக் கொண்டு கட்டிய பெங்களூர் நாகரத்தினம்மாளே, பெண்கள் பாடுவதற்கென்று தனியாக ஒரு கோஷ்டி அமைக்க வேண்டியிருந்தது. சென்னையில் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில், கர்நாடக இசைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணா, சூழலியல் செயற்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமன் போன்றவர்கள் மீனவ மக்களோடு சேர்ந்து 2015இல் தொடங்கிய விழா, கர்நாடகக் கச்சேரியையும் பறையாட்டத்தையும் ஒரே இடத்தில் வைத்து சபாவின் சுவரை உடைத்துக் காட்டியது. அது பெரிய காரியம். இருந்தாலும் கச்சேரி எந்த இடத்தில் நடந்தாலும் கச்சேரிதான். பாடுபவர், வயலின், மிருதங்கம் என்று இடங்கள் நிரம்பிவிட்ட பிறகு, புதிதாகக் கற்பவருக்குத் தொடையில் தாளம் போடுவதைத் தவிர வேறென்ன இருக்கிறது?

பறையில் இருக்கிறது. வட்டமான மரச்சட்டம், அதில் ஒட்டிய மாட்டுத்தோல், இரண்டு குச்சிகள். வலக்கையில் குட்டையான அடிக்குச்சி, இடக்கையில் நீளமாக, மெலிதாகச் சீவிய சிம்புக்குச்சி. புதிதாக வருபவர் வலக்கையைப் பற்றித்தான் கவலைப்படுவார். சிக்கல் இருப்பது இடக்கையில். சட்டத்தைத் தாங்கிப் பிடிப்பதும் அந்தக் கைதான், சிம்புக்குச்சி தோலில் படுத்து விழும்படி அடிப்பதும் அந்தக் கைதான். பிடி இறுகினால் ஒலி செத்துவிடும். அதனால் முதலில் குச்சியையே கொடுக்காமல் அடியின் ஒலிகளைச் சொற்களாக்கிய சொல்கட்டை வாயால் சொல்லவைக்கிறோம், பிறகு காலால் மிதிக்கவைக்கிறோம். வாயும் காலும் ஒத்துவந்த பின் கை தானாக வழிக்கு வரும். எளிய ஓர் அடியைப் பிடித்துவிட்டவரை உடனே வட்டத்தில் நிறுத்திவிடலாம். அவரைப் போன்றவர்கள் அந்த அடியைத் தளராமல் தாங்கிக்கொண்டிருந்தால்தான், தேர்ந்த கலைஞர் அதன் மேல் ஏறி அடிகளை மாற்றிப்போட்டு விளையாட முடியும். அவர்கள் நின்றுவிட்டால் ஆசானின் வாசிப்புக்கும் தரை இல்லை.

கற்றுக்குட்டிகளை ஏற்றினால் தரம் கெடும் என்பவர்களுக்கும் இதுதான் பதில். கற்றுக்குட்டிக்குத் தனி ஆவர்த்தனம் கொடுத்தால் கெடும். அவரால் தாங்கக்கூடியதைக் கொடுத்தால் கெடாது. இலவசமாகக் கிடைப்பதற்கு மதிப்பிருக்காது, பாதியில் நின்றுவிடுவார்கள் என்று இன்னொரு பேச்சு உண்டு. நிற்கிறார்கள், உண்மைதான். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறவர், பரீட்சை நெருங்கும் பிள்ளை, பழகுவதற்கு வீட்டில் கருவி இல்லாதவர் எல்லாம் நிற்கத்தான் செய்வார்கள். இவற்றில் எதைக் கட்டணம் வசூலித்துச் சரிசெய்ய முடியும்? நம் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் நாகசுரத்தையும் தவிலையும் தேவாரத்தையும் பேருக்கு ஒரு கட்டணத்தில் மூன்றாண்டு சொல்லிக்கொடுக்கின்றன. கட்டணம் குறைவென்பதால் அங்கே படித்தவரின் வாசிப்பு மட்டமாகிவிடுவதில்லை.

இவற்றையெல்லாம்விடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அதை லேசாகத் தாண்டிப்போகக் கூடாது. சாவுக்கும் கோயில் கொடைக்கும் அடித்தே ஆக வேண்டும் என்று சாதியின் பேரால் சுமத்தப்பட்ட வேலையாகப் பறை இருந்தது. அந்தச் சுமையை உதறுவதற்காகவே பறையைக் கீழே வைத்தவர்கள் உண்டு. அதே பறையைத் தன்மானத்தின் அடையாளமாகத் தலித் கலை விழாக்களில் மீண்டும் கையில் எடுத்தவர்களும் உண்டு. இன்று அதை எல்லாருக்கும் இலவசமாகக் கற்றுக்கொடுப்பது, அந்த வரலாற்றைக் கழுவிவிட்டுச் சத்தத்தை மட்டும் எடுத்துக்கொள்வதாகாதா? ஆகும், கற்றுக்கொடுப்பவரும் இலவசமாக உழைத்தால். ஊருக்காகக் கூலியில்லாமல் அடி என்று சொன்ன பழைய கட்டளைக்கும், சமூக சேவைதானே, சும்மா வந்து சொல்லிக்கொடுங்கள் என்கிற இன்றைய இனிப்பான வேண்டுகோளுக்கும், ஆசானின் வீட்டு அடுப்பைப் பொறுத்தவரை வித்தியாசம் இல்லை. பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது எங்களுக்கெல்லாம் பெருமை. ஆனால் ஒருவருக்கு வரும் விருது, ஊர் ஊராக வகுப்பெடுக்கும் மற்ற ஆசான்களின் சம்பளத்தைத் தீர்மானிப்பதில்லை. கற்பவருக்கு இலவசம், கற்பிப்பவருக்கு முழு ஊதியம் என்பதுதான் நியாயமான கணக்கு. அதோடு, இந்தத் தோலையும் இந்த அடியையும் காத்துவந்தவர்கள் யார், அதற்காக எதையெல்லாம் அனுபவித்தார்கள் என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்கச் சங்கடப்பட்டு எழுந்துபோகிறவர் போகட்டும்.

ஆகவே விழாக் குழுவினரிடம் ஒன்று கேட்கிறோம். செலவுக் கணக்கு எழுதும்போது ஆசானின் சம்பளத்தை முதல் வரியிலும், கற்பவர் வீட்டுக்கு எடுத்துப்போகக் கருவிகளை இரண்டாம் வரியிலும் எழுதுங்கள். வகுப்பை விழாவுக்குச் சில மாதம் முன்பே தொடங்குங்கள். விழா முடிந்த மறுவாரமும் நிறுத்தாதீர்கள். மேடையும் விளக்கும் மீதிப் பணத்தில் போட்டுக்கொள்ளலாம்.