முதலில் வந்து நிற்கும் சொல்

எங்கள் துறையில் பழைய பெண் எழுத்தாளர்களின் கதைகளுக்கு ஓர் இணைய அட்டவணை தயாராகிறது. கதையைப் படிக்கும் மாணவி, அது எதைப் பற்றியது என்று சில குறிச்சொற்கள் இட வேண்டும். அதற்கென ஒரு பெட்டி. இரண்டு எழுத்து தட்டினால், ஏற்கெனவே பிறர் இட்ட சொற்கள் கீழே வரிசையாக விழும். ஒன்றைத் தேர்ந்தால் அது சிறு வில்லையாகப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொள்ளும். கணினித் துறை மாணவி ஒருத்தி செய்து தந்தாள்.

கவிதை எழுதுகிறவளுக்குச் சொல்லை இன்னொருவர் எடுத்து நீட்டுவது கூசத்தான் செய்யும். ஆனாலும் அந்தப் பெட்டி வேண்டும். இல்லாவிட்டால் ஒருத்தி 'வரதட்சணை' என்றும் இன்னொருத்தி 'வரதட்சிணை' என்றும் இட, ஒரே துயரம் இரண்டு அலமாரிகளில் கிடக்கும்.

கணவன் கைநீட்டும் கதைகள் பலவற்றில் 'அடிமைத்தனம்' என்ற குறிச்சொல்லைப் பார்த்தேன். இரண்டாம் ஆண்டு மாணவிக்கு இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? கேட்டேன்.

"நான் 'அடி'ன்னுதான் மேம் போட்டேன். என்டர் தட்டினதும் அதுவா மாறிடுச்சு."

பட்டியலின் முதல் சொல் தானாகவே நிறமேறி நிற்கிறது. என்டர் தட்டினால், நாம் எழுதியதை விட்டுவிட்டு நிறமேறிய சொல்லையே பெட்டி எடுத்துக்கொள்கிறது. அதிகம் பேர் இட்ட சொல் மேலே வரும். மேலே இருப்பதால் மேலும் பலர் எடுப்பார்கள். அதனாலேயே அது இறங்காது. (நம் வீடுகளிலும் பார்த்த ஏற்பாடுதான்.) 'அடிமைத்தனம்' கருத்தரங்கில் புழங்கும் சொல். 'அடி' என்றால் கன்னம், தழும்பு, மறுநாள் காலையில் அதே கையோடு வைக்கிற உலை. அந்தப் பெண் கதையைச் சரியாகப் படித்திருந்தாள்.

"எல்லாப் பெட்டியும் இப்படித்தான் மேம் இருக்கும். வேலை வேகமா முடியும்" என்றாள் செய்தவள். பிறகு அவளே மாற்றினாள். இப்போது எந்தச் சொல்லும் நிறமேறி நிற்பதில்லை. கீழ் அம்புக்குறியைத் தட்டி இறங்கினால்தான் தேர்வு. வரிசை அகரவரிசை. கடைசி வரியில் 'புதிய சொல்லாகச் சேர்' என்று இருக்கும்.

தமிழுக்கென்றே சில தொல்லைகள் இருந்தன. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்குகிறவர்கள் சொல்லை உறுதிசெய்ய என்டர் தட்டினால், அதைப் பெட்டியும் பிடித்துக்கொண்டு அரைச் சொல்லை வில்லையாக்கியது. சொல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது என்று உலாவி சொல்லும். அதுவரை பொறுக்கும்படி செய்தாள். 'கொடுமை' பட்டியலில் இரண்டு முறை வந்தது. யூனிகோடில் 'கொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் இடலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் இடலாம். நம் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவாக்க வேண்டும்.

ஆசிரியர் பெயருக்கும் இதே பெட்டிதான். 'கோதை' என்று தட்டினால் எதுவும் வரவில்லை. 1925 முதல் 'ஜகன்மோகினி'யை நடத்தியவர், நூற்றுக்கு மேல் நாவல் எழுதியவர், 'வை.மு.' என்று தொடங்கினால்தான் வருகிறார். அந்த இரண்டு எழுத்தும் புகுந்த வீட்டுடையவை. பெட்டி சொல்லின் தொடக்கத்தை மட்டும் பார்த்ததால், கணவர் குடும்பத்தைத் தாண்டாமல் கோதைநாயகியிடம் போக முடியவில்லை. இப்போது நடுவிலும் தேடுகிறது.

தீராதது ஒன்று உண்டு. 'விதவை', 'கைம்பெண்', 'தாலியறுத்தவள்' மூன்றையும் இணைத்து ஒன்றை மட்டும் காட்டலாம் என்றார் சக ஆசிரியர். மரியாதையான சொல்லாக இருக்கட்டும் என்பது அவர் வாதம். ஆனால் வசவையே தலைப்பாக்கிக் கதை எழுதியவளுக்கு நாம் யார் மரியாதை செய்ய? எதைத் தட்டினாலும் மூன்றின் கதைகளும் வரட்டும், இட்ட சொல் இட்டபடியே நிற்கட்டும் என்கிறேன். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மறுபடி பேச இருக்கிறோம்.