ஜூலை மாதக் கணக்கு

கோடை முகாம் முடிந்ததும் பஞ்சாயத்து அலுவலகத்தில் கேட்பார்கள், எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்று. எண்ணிக்கையை எழுதி, படங்களோடு கொடுத்துவிடுவேன். எனக்கென்று நான் வைத்திருக்கும் கணக்கு வேறு. மே மாதம் வந்த பிள்ளைகளில் யாரெல்லாம் ஜூலையிலும் வந்து புத்தகம் எடுத்துப் போகிறார்கள்? அதை இஷ்யூ ரிஜிஸ்டரில் பெயர் பெயராகப் பார்ப்பேன். முகாமில் என்ன சரியாக நடந்தது, என்ன நடக்கவில்லை என்று எனக்குச் சொல்வது அந்த ரிஜிஸ்டர்தான்.

ஆனேக்கல் தாலூகாவில் ஒரு கிராம பஞ்சாயத்து நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். காகிதத்தில் மேல்விசாரகி (மேற்பார்வையாளர்), பிள்ளைகளுக்கு லைப்ரரி அக்கா. கர்நாடகத்தில் இப்படி 5,600-க்கும் மேற்பட்ட கிராம நூலகங்கள் இருக்கின்றன. 2019-ல் இவை நூலகத் துறையிடமிருந்து ஊரக வளர்ச்சி, பஞ்சாயத்து ராஜ் துறைக்கு வந்தன. இப்போது வாசல் பலகையில் ‘அரிவு கேந்திரா’, அதாவது அறிவு மையம், என்று எழுதியிருக்கும். 2020 நவம்பரில் வந்த ‘ஓதுவ பெளகு’ (வாசிப்பின் ஒளி) திட்டத்தில் 6 வயது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு உறுப்பினர் சேர்க்கை இலவசமானது. அதற்கு முன்பும் இந்த நூலகம் யாருக்கும் தருமமாக நடந்ததில்லை. இங்கே சொத்துவரியோடு ரூபாய்க்கு 6 பைசா நூலக வரி சேர்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், 10 பைசா. வாடகைக்குக் குடியிருப்பவர்களும் வாடகைக்குள் அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆகவே உள்ளே வரும் குழந்தையிடம் “எதுக்கு வந்தே?” என்று அதட்டிக் கேட்க எனக்கு உரிமை கிடையாது.

கிராம நூலகம் என்றதும் பலருக்கு நினைவு வருவது பூட்டிய பீரோ. கண்ணாடிக்குப் பின்னால் புத்தகம், சாவி யாரோ ஒருவரிடம். இந்தப் பூட்டுக்குக் காரணம் கெட்ட மனசு என்று நான் நினைக்கவில்லை, பயம்தான். ஒரு புத்தகம் தொலைந்தால் பொறுப்பாளரின் கையிலிருந்து பணம் போய்விடுமோ என்ற பயம். நானும் வேலைக்கு வந்த புதிதில் பலர் சொல்லிக் கேட்ட முதல் அறிவுரை, “கொடுக்காதே, திரும்பி வராது” என்பதுதான். ஆனால் மத்திய அரசின் 2017-ம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 215-வது விதி என்ன சொல்கிறது என்று நூலகத்தில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் படித்துப் பார்க்க வேண்டும். ஓர் ஆண்டில் எடுத்துப் படிக்கப்பட்ட ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து வரை தொலைவது இயல்பான இழப்பு. மோசடியோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ளவற்றுக்கும் அரிய நூல்களுக்கும் மட்டும் கட்டாயம் விசாரணை உண்டு. இது மத்திய அரசு நூலகங்களுக்கான விதிதான் என்றாலும், அதில் இருக்கிற நியாயம் எங்களுக்கும் பொருந்தும். தொலைந்தது ஐந்தா என்று பார்ப்பதற்கு முன்னால், ஆயிரம் வெளியே போயிற்றா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஓர் ஆண்டு முழுக்க ஒன்றும் தொலையவில்லை என்றால் எனக்குச் சந்தோஷம் வராது, சந்தேகம்தான் வரும்.

சீர்காழியில் பிறந்து கடைசிக் காலத்தைப் பெங்களூரில் கழித்து, 1972-ல் இங்கேயே மறைந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன், நூலகவியலுக்கு 1931-ல் எழுதிய ஐந்து விதிகளில் முதலாவதாக வைத்தது புத்தகத்தின் பயன்பாட்டைத்தான். அதைப் பாதுகாப்பதை அல்ல. ஐரோப்பிய நூலகங்களில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்ததைச் சொல்லித்தான் அந்த விதியை அவர் விளக்கினார். சங்கிலி போய்விட்டது, பீரோ பூட்டு இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. எங்கள் நூலகத்தில் பிள்ளைகளுக்கான புத்தகங்களை அவர்கள் இடுப்பு உயரத்துக்குக் கீழே, அட்டை முன்பக்கம் தெரிய வைத்திருக்கிறேன். முதுகை மட்டும் காட்டி அடுக்கினால் இடம் மிச்சமாகும். ஆனால் எழுத்துக் கூட்டி வாசிக்கிற குழந்தைக்கு முதுகில் இருக்கும் மெல்லிய வரி எதையும் சொல்லாது, படம்தான் கூப்பிடும்.

கோடைக்கு வருகிறேன். இங்கே ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரை பள்ளி விடுமுறை. சித்ரா பௌர்ணமியையொட்டி ஆனேக்கல் கரகத் திருவிழா வரும். அந்த நாட்களில் முகாம் வைத்தால் நாற்காலிகள்தான் இருக்கும். கரகம் முடிந்த பிறகே தொடங்குவது என் வழக்கம். காலை பத்து மணிக்கு ஆரம்பித்து ஒரு மணிக்கு முடித்துவிட வேண்டும். மே மாதத்தில் மதியத்துக்கு மேல் இடியும் மழையும் வரும், கரண்ட் போகும், ஓட்டு வீட்டுப் பிள்ளைகள் வீட்டில் என்ன நனைகிறதோ என்று ஓடிப்போவார்கள்.

இன்னொன்றை முகாம் நடத்துகிற எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன். ஜிகணி, பொம்மசந்திரா பக்கம் கார்மெண்ட்ஸிலும் மற்ற ஃபேக்டரிகளிலும் அம்மாக்கள் வேலைக்குப் போய்விட்டால், வீட்டில் மூன்று வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்வது பதினொரு வயது அக்கா. ‘8 வயது முதல்’ என்று நோட்டீஸில் போட்டால் தம்பி வர முடியாது. தம்பி வராவிட்டால் அக்காவும் வர முடியாது. முகாமுக்கு மிக அவசியமான பிள்ளை இப்படித்தான் வாசலிலேயே நின்றுபோகிறாள். ஆகவே எங்கள் நோட்டீஸில் வயது இருக்காது. மூலையில் ஒரு பாய், தடித்த அட்டைப் புத்தகங்கள், மரக்கட்டைகள். சத்தம் இருக்கத்தான் செய்யும். அந்த மூன்று மணி நேரமும் நூலகத்தில் அமைதி வேண்டும் என்று யாராவது கேட்டால், பெரியவர்களுக்குச் சாயங்காலம் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

வர்ணம் தீட்டுவதும் சதுரங்கமும் பாட்டும் எல்லா முகாமிலும் உண்டு. எங்கள் முகாமின் நடு வேலை சத்தமாக வாசித்துக் காட்டுவது. இது சும்மா வருவதில்லை. முந்தின நாள் இரவு அந்தப் புத்தகத்தை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்து வைக்க வேண்டும். எந்தப் பக்கத்தில் நிறுத்துவது, எந்தப் பக்கத்தைச் சட்டென்று திருப்புவது என்று அப்போதுதான் தெரியும். பிள்ளைகளின் கண்மட்டத்துக்கு உட்கார வேண்டும். புத்தகத்தை மடியில் வைக்காமல் தோளுக்குப் பக்கத்தில், படம் அவர்கள் பக்கம் பார்க்கப் பிடிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் “கதையில என்ன நீதி?” என்று கேட்கக் கூடாது. அந்தக் கேள்வியைப் பள்ளியிலேயே நிறையக் கேட்டாகிவிட்டது. முடித்த புத்தகத்தை மூடி நடுவில் வைத்துவிட்டு நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். திரும்பி வருவதற்குள் அதை எடுத்து இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தால், அன்றைய வாசிப்பு போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

மொழியைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூர்; இந்தத் தாலூகாவில் தமிழும் தெலுங்கும் பேசுகிற வீடுகள் ஏராளம். பிள்ளைகள் படிப்பது கன்னடத்தில் அல்லது ஆங்கிலத்தில். எங்கள் அலமாரியில் கன்னடப் புத்தகங்கள்தான் பெரும்பாலும், அது அப்படித்தான் இருக்க வேண்டும். பிள்ளைகள் வளர்ந்து வேலை தேடி நிற்கப்போவது இந்த மண்ணில். ஆனால் பாட்டியிடம் தமிழில் சண்டை போடுகிற ஒரு குழந்தைக்கு, புத்தகத்துக்குள்ளும் அந்தப் பேச்சு இருக்கிறது என்று ஒருமுறையாவது தெரிய வேண்டாமா? ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம் என்பதும் ரங்கநாதனின் விதிகளில் ஒன்றுதான்.

இதற்குக் கைகொடுத்தது பெங்களூரின் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளம். ஒரே கதை கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் கிடைக்கும். திறந்த உரிமத்தில் இருப்பதால் யாரிடமும் கேட்காமல் அச்சடித்துக்கொள்ளலாம். ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் எடுத்து, நடுவில் ஸ்டேப்ளர் போட்டு வைத்திருக்கிறேன். கன்னட வரியை வாசிப்பேன், கேட்கிற முகத்தைப் பார்த்துத் தமிழில் ஒரு வரி சேர்த்துக்கொள்வேன், தெலுங்கு தெரிந்த பிள்ளை ஒன்று பக்கத்தில் இருப்பவனுக்கு அதைச் சொல்லும். தமிழ் எழுத்து தெரியாத பிள்ளைகளுக்கு முகாமில் அ, ஆ எழுதவைப்பதில்லை. கதையைக் காதால் கேட்டபின் அதே புத்தகத்தைக் கையில் கொடுத்தால், “இது ‘க’வா அக்கா?” என்று தானாகக் கேட்கிறவர்கள் உண்டு. கேட்டால் சொல்லிக்கொடுப்பேன்.

மே மாதத்தில் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் விடுமுறை. தளியிலிருந்தும் தேன்கனிக்கோட்டையிலிருந்தும் மாமா பிள்ளைகள், சித்தி பிள்ளைகள் இங்கே வந்து இறங்குவார்கள். அங்கே அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்தின் சிறு புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலையாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அப்படி வந்த ஒரு பையன், “நான் ‘ஓடு’ எல்லாம் முடிச்சிட்டேன் மிஸ், ‘பற’ இருக்கா?” என்று கேட்டான். என்னிடம் அந்த வரிசை இல்லை. இருந்த தமிழ்ப் புத்தகங்களைக் காட்டினேன். எடுத்துக்கொண்டு, இங்கே பிறந்து வளர்ந்த தன் அத்தை பையனுக்கு வாசித்துக் காட்ட உட்கார்ந்துவிட்டான். அத்தை பையன் அவனுக்குக் கன்னடப் புத்தகம் ஒன்றை வாசித்துச் சொன்னான். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

இந்த விருந்தாளிப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வீட்டுக்குக் கொடுக்கலாமா? ஆதார் முகவரி வேறு மாநிலம். நான் கொடுக்கிறேன், அத்தை பெயரில் அல்லது பாட்டி பெயரில் பதிந்து. சில புத்தகங்கள் எல்லை தாண்டிப் போய் அடுத்த கோடையில்தான் திரும்பும். அங்கே நாலு பேர் படித்திருப்பார்கள். அந்தப் புத்தகங்களை இழப்புக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வருவதில்லை.

மற்ற மாதங்களின் வேலையைக் குறைவாக நினைத்துவிடக் கூடாது. காலையில் பேப்பர் படிக்கப் பெரியவர்கள் வருவார்கள்; அவர்களுக்காக மேசையில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்திருக்கிறேன். போலீஸ் தேர்வுக்கும் பஞ்சாயத்து வேலைகளுக்கும் படிக்கிற இளைஞர்களுக்குப் பழைய வினாத்தாள்கள் வேண்டும், பேசாத ஓர் இடம் வேண்டும். மாநில அரசின் கிருஹலட்சுமித் திட்டப் பணம் இந்த மாதம் வந்ததா என்று கேட்க வருகிற பெண்களுக்கு இணையத்தில் பார்த்துச் சொல்வேன். இதெல்லாம் நூலக வேலையா என்று ஒருவர் கேட்டார். தனக்குத் தேவையான தகவலைக் கேட்டு ஒருவர் வருகிறார், தேடிக் கொடுக்கிறோம். இதைவிட நூலக வேலை எது? அப்படிப் பணம் கேட்க வந்த ஒரு அம்மா, தையல் டிசைன் புத்தகத்தைப் பார்த்துவிட்டு உறுப்பினரானார். அவருடைய மகள் முகாமுக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

ஜூன் முதல் இரண்டு வாரம் நூலகம் காலியாகத்தான் இருக்கும். புது வகுப்பு, புது டியூஷன். அப்போது காத்துக்கொண்டிருந்தால் மே மாத உழைப்பு போய்விடும்; புத்தகம்தான் பிள்ளைகளைத் தேடிப் போக வேண்டும். 1931-ல் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். எனக்கு ஓர் அட்டைப்பெட்டியும் ஸ்கூட்டியும் போதும். முகாமில் ஒவ்வொரு பிள்ளையும் எதை விரும்பி எடுத்தது என்று ரிஜிஸ்டரில் இருக்கிறதே, அதே மாதிரி அடுத்ததைத் தேர்ந்தெடுத்துப் பள்ளிக்கும் லைன் வீடுகளுக்கும் கொண்டுபோகிறேன். “உனக்குன்னு எடுத்து வெச்சேன்” என்று பெயர் சொல்லிக் கொடுத்தால், அதைத் திருப்பிக் கொடுக்க அந்தப் பிள்ளை நூலகத்துக்கு வந்துவிடும்.

எல்லைத் தாலூகா நூலகங்களுக்கு வாங்கும் பட்டியலில் தமிழுக்கும் தெலுங்குக்கும் ஒரு பங்கு வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது வரும் வரை நன்கொடைப் பணம்தான். ஓசூர் புத்தகத் திருவிழா பெரும்பாலும் ஜூலையில் நடக்கும். முகாமுக்கு வந்தவர்களில் நாலைந்து பேரைப் பெற்றோரிடம் கேட்டு அழைத்துக்கொண்டு போவேன். தேர்ந்தெடுப்பது அவர்கள், பணம் கொடுப்பது மட்டும் நான். இந்த முறை பிள்ளைகள் எழுதிக் கொடுத்த பட்டியலில் பேய்க்கதை, கிரிக்கெட், பாம்புகளைப் பற்றிப் படத்தோடு ஒன்று, அம்மாவுக்குக் கேக் செய்யும் புத்தகம், ‘பற’ நிலையில் இருப்பவன் படிக்கிற மாதிரி ஏதாவது என்று இருக்கிறது.