வென்றவன் எழுதிய தூண்

காஞ்சிபுரம் போகிறவர்களின் திட்டம் பெரும்பாலும் ஒன்றுதான். காமாட்சி, ஏகாம்பரநாதர், வரதர், தங்கப் பல்லி, அப்புறம் பட்டுக்கடை. முக்தி தரும் ஏழு நகரங்களில் தெற்கே இருப்பது இது ஒன்றுதான் என்பார்கள். அந்த முக்திக்கும் முகூர்த்தப் புடவைக்கும் சேர்த்து நாம் ஒதுக்குவது ஒரே பகல். அதில் அடிபட்டுப்போவது ஊரின் மேற்குக் கோடியில் இருக்கும் கைலாசநாதர் கோயில்.

பிள்ளையார்பாளையம் பக்கமாக நடந்தால் வீடுகளுக்குள்ளிருந்து தறிச் சத்தம் கேட்கும். கோர்வைச் சேலைக்கு உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்குத் தனித்தனி நாடா. நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆளும் வேண்டும். அந்தச் சத்தம் தேய்ந்ததும் கோயில் வந்துவிடும்.

ராஜசிம்ம பல்லவன் சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் மணற்கல்லில் எழுப்பியது. பிராகாரத்தைச் சுற்றி 58 சிறு சந்நிதிகள். சிலவற்றில் பழைய சுதையும் வண்ணமும் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உள்ளே பதினாறு பட்டை லிங்கம். கருவறையைச் சுற்றி ஓர் ஒடுங்கிய வழி உண்டு. தவழ்ந்துதான் நுழைய வேண்டும். சுற்றி வெளியே வந்தால் மறுபிறவி இல்லை என்பது நம்பிக்கை. கொஞ்சம் பூசினாற்போல் இருப்பவர்களுக்கு முக்தி சிரமம்தான்!

ஆனால் என்னை நிறுத்தியது முன்மண்டபத்துத் தூண் ஒன்று. ‘சிவகாமியின் சபதம்’ படித்து வளர்ந்த நமக்கு, 642இல் நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்த கதை மனப்பாடம். மீதிக் கதை இந்தத் தூணில் இருக்கிறது. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, பழைய கணக்கைத் தீர்க்கச் சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் படையோடு புகுந்தான். ஊரை அழிக்கவில்லை. இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு, கோயிலுக்கே விட்டுக்கொடுத்தான். அதைக் கன்னடத்தில் இங்கேயே வெட்டியும் வைத்தான். அவன் ராணி லோகமாதேவி, காஞ்சியை மூன்று முறை வென்றதன் நினைவாகப் பட்டடக்கல்லில் விருபாட்சர் கோயிலைக் கட்டினாள். அதிலும் இந்தக் கோயிலின் சாயல்தான்.

பகைவன் வெட்டிய எழுத்தை, ஊர் மறுபடி கைக்கு வந்த பிறகும் பல்லவர்கள் செதுக்கி எறியவில்லை. காஞ்சியைப் புண்ணிய பூமி என்பதற்கு எனக்கு இந்த ஒரு சாட்சி போதும்.

அடுத்த முறை புடவை எடுக்கப் போனால், கடையில் ஒரு மணி நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.