மெட்டின் பூர்வோத்தரம்

விருத்தாசலத்துப் பீங்கான் பேட்டையில் பொம்மை வார்க்கும் கொட்டகை ஒன்றில், மார்கழி மாதத்து முற்பகல் வேளையில், வேலை செய்துகொண்டே ஓர் இளைஞர் என்னிடம் கேட்ட கேள்விதான் இந்த வியாசத்துக்குக் காரணம். வெள்ளைக் களிமண்ணும் படிகக்கல்லும் மற்றச் சரக்குகளும் உருளையிலே மணிக்கணக்காக அரைபட்டு மோர்ப் பதத்துக்கு வந்த குழம்பை, பாரிஸ் சாந்தினால் செய்த அச்சுக்குள் அவர் வார்த்துக்கொண்டிருந்தார். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, அதன் உட்சுவரை ஒட்டி மண் ஒரு தோலைப் போலப் படிந்து கனக்கிறது. போதிய கனம் வந்ததும் மிஞ்சிய குழம்பைக் கவிழ்த்துவிட்டுச் சற்று நேரம் உலரவிட்டால், அச்சின் இரு பாதிகளையும் பிரித்த மாத்திரத்தில் உள்ளே ஒரு குழந்தை இயேசுவோ பிள்ளையாரோ ஈரம் மினுங்க எழுந்து நிற்கும். எந்தத் தெய்வமாயினும் மண் ஒன்றுதான் என்பது அந்தக் கொட்டகையில் ஒருவருக்கும் புதுமையான விஷயமல்ல.

வார்க்கும்போது அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வார்த்தைகள் ஜெபத்துக்குரியவை, தாளமோ துள்ளிக் குதிக்கிற தாளம். விசாரித்ததில், ஞாயிற்றுக்கிழமைதோறும் சபையிலே கித்தார் வாசிப்பவர் அவரே என்று தெரிந்தது.

"பெரியவங்க கோவிச்சுக்கிறாங்க ஐயா. இது சினிமா மெட்டு மாதிரி இருக்காம். கித்தாரும் டிரம்ஸும் சாத்தானோட வாத்தியமாம். நமக்கு முன்னாடி யாருமே இப்படி சனங்க மெட்டுல சாமி பாட்டுப் பாடலியா?" என்றார்.

"விசாரித்துச் சொல்கிறேன் தம்பி" என்று சொல்லி வந்தவன், அந்த விசாரணை என்னை இத்தனை தூரம் இழுத்துச் செல்லும் என்று எதிர்பார்க்கவில்லை.

கித்தாரைப் பின்பற்றிப் போனால் முதலில் அமெரிக்கா வந்து சேருகிறது. 1947இல் டெக்ஸாஸ் மாகாணத்தில் பிறந்து, சான் பிரான்சிஸ்கோவில் வளர்ந்து, 'பீப்பிள்' என்ற ராக் குழுவிலே பாடி, 1968இல் அக்குழுவின் பாட்டொன்று அந்நாட்டு இசைத்தட்டு வரிசையில் 14ஆம் இடம் வரை ஏறியிருந்த தருணத்தில் அதைவிட்டு விலகிய லாரி நார்மன் என்பவர், 1969இல் காபிடல் கம்பெனியின் மூலமாக 'அபான் திஸ் ராக்' என்னும் தட்டை வெளியிட்டார். கிறிஸ்தவ ராக் சங்கீதத்தின் ஆதித்தட்டு என்று பலரும் அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். ராக் பாடுகிறார் என்று தேவாலயத்தாரும், கிறிஸ்துவைப் பாடுகிறார் என்று ராக் ரசிகர்களும் அவரை ஒருசேர ஒதுக்கினார்கள். தோள்வரை புரளும் முடியோடு அந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவிலேயே பாடித் திரிந்து, 2008இல் அவர் காலமானார். 1972இல் அவர் வெளியிட்ட இன்னொரு தட்டை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பிற்காலத்தில் தேசப் பொக்கிஷங்களுள் ஒன்றாகப் பாதுகாக்க எடுத்துக்கொண்டது. இந்தச் சரித்திரம் உருக்கமானதுதான். ஆனால் இளைஞர் கேட்டது 'நமக்கு முன்னாடி' என்று. டெக்ஸாஸ்காரரை அதற்கு விடையாகக் காட்ட என் மனம் இசையவில்லை.

ஆகவே வீட்டுக்கு அருகிலேயே தேடலாம் என்று கோணான்குப்பம் போனேன். விருத்தாசலத்துப் பழமலைநாதர் கோயிலில் அம்மனுக்குப் பெரியநாயகி என்பது திருநாமம். இங்கிருந்து சில மைல் தொலைவிலுள்ள கோணான்குப்பத்தில், இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் மாதாவுக்கு ஆலயம் எழுப்பியபோது, அதே பெயரைத்தான் அவளுக்கும் சூட்டினார். மாதா அங்கே தமிழ்ப் பெண்ணைப்போல உடுத்து நிற்கிறாள். அந்த ஆலயத்து நிழலில் உட்கார்ந்து ஒரு பகல் முழுவதும் யோசித்தேன். 1726இல் அவர் பாடி முடித்த தேம்பாவணியின் 3,615 விருத்தங்களும் புலவர் அவைக்கு உரியவை. சந்தைக்குப் போகிற சனங்கள் வாயிலே முணுமுணுப்பவை அல்ல. பெயரையும் உடையையும் ஊரிலிருந்து எடுத்துக்கொண்ட முனிவர், தெருவின் மெட்டை எடுத்துக்கொண்டவர் அல்லர் என்று தீர்மானித்துக்கொண்டு எழுந்தேன். தேடல் தஞ்சாவூருக்குத் திரும்பியது.

தரங்கம்பாடியில் 1706இல் சீகன்பால்கு வந்திறங்கிய நாள் முதலாக லுத்தரன் சபைகளிலே பாடப்பட்டவை ஞானப்பாட்டுகள். அவை பெரும்பாலும் ஜெர்மனியின் மெட்டுக்குத் தமிழ்ச் சொற்களை நறுக்கி அடுக்கியவை. சொல்லின் குறிலும் நெடிலும் மெட்டின் நீட்டலுக்கும் குறுக்கலுக்கும் இசையாமல் நாக்கைத் தடுக்கும் அந்தச் சங்கடத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சபையார் பக்தியினாலே சகித்துக்கொண்டார்கள். இந்நிலையில், 1774ஆம் வருஷம் திருநெல்வேலிச் சீமையிலே பிறந்த வேதநாயகம் என்ற சிறுவனை, மிஷனெரியாகிய சுவார்ட்ஸ் ஐயர் அவனுடைய தந்தையிடம் கேட்டுப் பெற்று, பன்னிரண்டு வயதளவில் தஞ்சைக்கு அழைத்துவந்து கல்வி புகட்டினார். அதே சுவார்ட்ஸ் ஐயரின் அரவணைப்பில் வளர்ந்த இன்னொரு பிள்ளை, பிற்காலத்தில் அரசேறிய இரண்டாம் சரபோஜி. தஞ்சைச் சிவகங்கைக் குளத்தருகிலுள்ள ஆலயத்தில், சுவார்ட்ஸின் மரணப் படுக்கையருகே சரபோஜி நிற்பதாகப் பிளாக்ஸ்மன் என்ற சிற்பி செதுக்கிய சலவைக்கல் சிற்பம் இருக்கிறது. அதன் முன்னே நின்றபோது, கல்லில் இடம் பெறாத அந்த மற்றொரு மாணவரையே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தமிழ்க் கிறிஸ்தவ உலகம் சுவிசேடக் கவிராயர் என்று கொண்டாடும் வேதநாயகம் சாஸ்திரியார் செய்த காரியத்தின் துணிவு இன்று நமக்கு எளிதில் புலப்படாது. குறவஞ்சி என்பது அக்காலத்தில் கோயில் முன்றிலிலே தேவதாசியர் ஆடிய நாடகம். தலைவி உலா வந்த தலைவனைக் கண்டு மையல் கொள்வதும், கூடையும் கோலுமாகக் குறத்தி வந்து கைபார்த்துக் குறி சொல்வதும், அவளைத் தேடிச் சிங்கன் கண்ணியும் வலையுமாகப் பறவை பிடித்துக்கொண்டு வருவதும் அதன் கதைப்போக்கு. சரபோஜியின் மீது பாடப்பட்ட குறவஞ்சி தஞ்சைப் பெரிய கோயிலிலேயே ஆடப்பட்டது. சாஸ்திரியார் அந்த அச்சை அப்படியே எடுத்துக்கொண்டு அதற்குள் வேறு மண்ணை வார்த்தார். 1800ஆம் ஆண்டளவில் அவர் இயற்றிய பெத்தலகேம் குறவஞ்சியிலே தலைவன் பெத்தலகேம் நாதன். அவனைக் கண்டு உருகுகிற தேவமோகினி திருச்சபை. குறி சொல்ல வருகிறவள் விசுவாசம். வலை வீசுகிற சிங்கன், ஆத்துமாக்களைப் பிடிக்கிற உபதேசி. குறத்தி தன் தேசவளம் பாடுகிற மரபைப் பற்றிக்கொண்டு உலகத்துத் தேசங்களின் பூகோளத்தையும், சூரியனைப் பூமி சுற்றுகிறது என்ற கோபர்னிக்கஸ் சித்தாந்தத்தையும் அவர் அதற்குள் கொண்டுவந்துவிடுகிறார். கோயில் நடையிலே ஆடுகிறவர்களுக்குரியது என்று குருமார் முகம் சுளித்திருக்கக்கூடிய ஒரு கூத்துக்குள், தாம் படித்த அத்தனையையும் தாம் நம்பிய அத்தனையையும் அவர் குடியேற்றினார். கப்பல்காரர் பாட்டு, கும்மி, கீர்த்தனை என்று ஊரார் வாயிலே புழங்கிய வடிவம் எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஏட்டிலே எழுதி வைத்துத் திருப்தியடைகிற கவிஞரும் அல்லர். ஊர் ஊராகச் சென்று கூட்டத்தின் முன்னே நின்று தாமே பாடினார், அவருடைய சந்ததியாரும் அந்தத் தொழிலை விடாமல் பாடினார்கள்.

இவரைப் பற்றி இளைஞரிடம் நான் சொன்ன அன்றைக்கு அவர் முகத்திலே உண்டான சந்தோஷத்தை மறக்கமாட்டேன். "அப்ப நம்ம ஆளும் ஒருத்தர் இருந்திருக்காரு!" என்று வார்ப்பை நிறுத்திவிட்டு எழுந்து நின்றுவிட்டார். சாஸ்திரியாருக்கு வந்த எதிர்ப்பையும் கேட்கவேண்டும் என்று வற்புறுத்தினார். தம்முடைய வழக்குக்கு அது சாட்சியாகும் என்று அவர் எண்ணியிருக்கவேண்டும். நானும் உற்சாகத்தோடு ஆரம்பித்தேன்.

சுவார்ட்ஸின் காலத்துக்குப் பின் வந்த புதிய மிஷனெரிமாருக்கும் சாஸ்திரியாருக்கும் 1820களிலே பெரும் பிணக்கு மூண்டது. அவர்கள் இழைத்த கொடுமைகள் என்று அவர் நான்கை எழுதிவைத்தார். தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பை மாற்றியது ஒன்று. கலியாணத்திலும் சாவிலும் பூவைத் தடுத்தது ஒன்று. ஆராதனையிலிருந்து தமிழ்ப்பாட்டை விலக்க முயன்றது ஒன்று. இம்மூன்றையும் சொல்லி வருகையில் என் நெஞ்சம் முழுவதும் சாஸ்திரியாரின் பக்கமே நின்றது; பூவை மறுத்துப் பாட்டையும் பறித்தால் ஒரு சனத்துக்கு மிச்சம் என்ன இருக்கும்? ஆனால் எஞ்சிய ஒன்றையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. சபையிலே சகல ஜாதியாரையும் ஒன்றாகக் கலக்கச் சொன்னார்கள் என்பதே அது. அவர் வேளாளர், உட்காருமிடமும் திருவிருந்தும் ஜாதி வாரியாக இருக்கவேண்டும் என்று வாதாடி, ஜாதி திருத்தலைப் பைத்தியம் என்றே தூற்றி ஒரு நூலும் எழுதினார். 1829ஆம் ஆண்டளவில் மிஷனிலிருந்து அவர் நீக்கப்பட்டபோது, சரபோஜி மன்னர் தம் அவைக்கு அழைத்து ஆதரித்தார். 1833இல் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள்ளே ஜாதி கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். சாஸ்திரியாரோ 1864 வரை வாழ்ந்தார். அதற்கு முன்பே, 1853இல், மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் பாதிரியார் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டதால், எந்தப் பாட்டை விலக்க முயன்றார்களோ அந்தப் பாட்டே ஆலயங்கள்தோறும் புத்தகமாக ஏறிவிட்டது.

நான் முடித்தபோது இளைஞர் மறுபடி உட்கார்ந்து அச்சை ரப்பர் பட்டையால் இறுக்கிக்கொண்டிருந்தார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு தலை நிமிராமலே சொன்னார்: "எங்க தாத்தா தேருக்குத் தப்பு அடிச்சவரு. தேர் நிலைக்கு வந்ததும் சனமெல்லாம் உள்ள போயிடும். அவரு வெளியிலயே நிப்பாராம். நீங்க சொல்ற சாஸ்திரியார் பாட்டு உள்ள கேட்டுக்கிட்டு இருந்திருக்கும், இல்லைங்களா?"

அதற்கு என்னிடம் விடை இல்லை. மெட்டுக்குக் கதவைத் திறந்தவர் மனிதருக்குத் திறக்கவில்லை என்ற உண்மை, இத்தனை நாள் அவரைக் கொண்டாடிப் படித்த என்னை மிகவும் வருத்தியது. அவர் காலம் அப்படி என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அதே காலத்தில் அதே ஊரில் வேறுவிதமாக எண்ணியவர்களோடுதானே அவர் சண்டையிட்டார் என்று நினைக்கும்போது அந்தச் சமாதானம் நிற்கவில்லை. அவருடைய கவித்துவத்தை என்னால் கைவிடவும் கூடவில்லை. ஆகவே தேடலை அங்கே நிறுத்தாமல், வெளியே நின்ற அந்தத் தப்புக்கு யாரேனும் வாசற்கதவைத் திறந்தார்களா என்று பார்க்கப் புறப்பட்டேன்.

திறந்தவர் மதுரையிலே இருந்தார். ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு, 1940இல் பிறந்தவர், தென்னிந்தியத் திருச்சபையின் குருவானவர், அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியர், தலித் குடும்பத்தவர். படியாத தலைமுடிக்கு ஊரார் சொல்லும் பரட்டை என்ற இளக்காரச் சொல்லையே தமக்குப் பெயராகச் சூட்டிக்கொண்டு, மாணவர்களுக்குப் பரட்டை அண்ணனாக விளங்கினார். கர்நாடக சங்கீதக் கீர்த்தனையும் மேனாட்டுப் பாடலும் படித்தவர்களுக்கும் மேல்சாதியினருக்கும் உரியவையாகச் சபையிலே நிலைபெற்றுவிட்டன, உழைக்கிற சனத்தின் பாட்டோ பறையோ உள்ளே வரவில்லை என்பது அவருடைய வழக்கு. வெறும் வழக்கோடு நில்லாமல், முழு ஆராதனை முறையையே கிராமிய இசையில் அமைத்தார். நாட்டுப்பாட்டை யாரும் எடுத்துத் தமக்கு வேண்டியபடி மாற்றிப் பாடலாம், அதனாலேயே அது விடுதலைக்கு ஏற்ற கருவி என்று போதித்தார். ஆண்டவரே என்று விளிக்குமிடத்தில் 'பெத்தவரே' என்று பாடினார். அந்த ஒரு சொல்லில் தாயும் இருக்கிறாள், தந்தையும் இருக்கிறார், ஆண்டானும் அடிமையும் இல்லை. 'ஓர் உலை' என்பது அவர் உபதேசத்தின் சாரம்: எல்லாரும் ஒரே உலையில் பொங்கி ஒன்றாக உட்கார்ந்து உண்பது. எந்தத் திருவிருந்தின் பந்தியைப் பற்றித் தஞ்சையிலே சண்டை நடந்ததோ, அந்தப் பந்திக்கு நூற்றைம்பது ஆண்டு கழித்து அரசரடியிலிருந்து வந்த பதில் என்றே இதை நான் படித்தேன். ஸோயி ஷெரினியன் என்னும் அமெரிக்க இசை ஆராய்ச்சியாளர் அவர் இசையைப் பற்றி 2014இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். அதைக் காண அவர் இல்லை, 2005இலேயே மறைந்துவிட்டார்.

இவ்வளவையும் சுமந்துகொண்டு நான் மீண்டும் பேட்டைக்குப் போனது பங்குனி வெயிலில். அன்று சூளை எரிந்துகொண்டிருந்தது. உள்ளே 1,200 டிகிரிச் சூட்டிலே பொம்மைகள் பழுத்துக்கொண்டிருந்தன. பரட்டை அண்ணனைப் பற்றி நான் சொல்லச் சொல்ல இளைஞர் குறுக்கே பேசாமல் கேட்டார். 'பெத்தவரே' என்ற சொல்லை மட்டும் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு கொட்டகையின் மூலையிலே பழைய சாக்கால் மூடி வைத்திருந்த எதையோ எடுத்துவந்தார். தாத்தாவின் தப்பு. ஞாயிற்றுக்கிழமைக்குக் கித்தாரோடு சேர்த்து வாசிக்கலாமா என்று வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்து ஒரு வாரமாகிறதாம், தோல் தளர்ந்திருக்கிறதாம்.

சூளைக் கதவின் இடுக்கிலே வந்த வெக்கையில் அதைச் சாய்த்துப் பிடித்து, மெல்லத் திருப்பித் திருப்பிக் காய்ச்சினார். நடுநடுவே விரலால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டார். ஓசை இன்னும் மந்தமாகத்தான் இருந்தது. "இன்னும் கொஞ்சம் காயணும் ஐயா" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் அனலுக்குக் காட்டினார்.