பச்சையை ஜன்னலுக்கு விட்டுவிடுங்கள்

நிறம் தேர்ந்தெடுக்க என்னை அழைக்கிறவர்களில் பலர் கைபேசியில் ஒரு படம் வைத்திருக்கிறார்கள். வாழைத்தோப்பு, மழையில் நனைந்த காடு, மாந்தளிர். "இதே பச்சை வேணும் சார், இயற்கையா இருக்கணும்" என்பார்கள். ஆசை நியாயமானது. ஆனால் அந்தப் பச்சை சுவருக்கு வராது. தளிரின் அழகில் பாதி, அதை ஊடுருவி வரும் வெயில். சுவருக்குள் வெயில் புகாது, பட்டுத் திரும்பும். நாலு சுவரிலும் பட்டுத் திரும்பிய பச்சை வெளிச்சம் முகத்தில் விழுந்தால், கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்கள் போலத் தெரிவார்கள்.

தோப்புக்குள் நின்று நிதானமாகப் பார்த்தால் பளிச்சென்ற நிறங்கள் அங்கே எவ்வளவு குறைவு என்பது புரியும். பரப்பையெல்லாம் மண்ணும் சருகும் மரப்பட்டையும் நிழலும் எடுத்துக்கொள்கின்றன. பூ ஓரிடத்தில் கொஞ்சமாக இருக்கிறது. நான் இயற்கையிடமிருந்து முதலில் எடுப்பது இந்த அளவைத்தான். சுவருக்கு மண், பட்டை, சருகு. பூவின் நிறம் ஒரு கதவுக்கோ திண்டு உறைக்கோ போதும். பச்சையை ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மரம் தரட்டும்; காவி கலந்த வெள்ளைச் சுவருக்கு நடுவே அது இன்னும் பச்சையாகத் தெரியும்.

பிரான்சில் ழான் ஃபிலிப் லாங்க்லோ என்ற வண்ண வடிவமைப்பாளர் ஊர் ஊராகப் போய் மண், கல், பூச்சுச் சில்லு எல்லாம் பொறுக்கி வந்து ஒவ்வொரு வட்டாரத்துக்கும் நிற அட்டவணை தயாரித்தார். 1982இல் அது புத்தகமாகவும் வந்தது. ஷேட் கார்டை விரிப்பதற்கு முன்னால் மனையில் ஒரு பிடி மண் எடுக்கும் பழக்கம் எனக்கும் உண்டு. காயவைத்து, சலித்து, சுண்ணாம்பில் குழைத்து ஒரு பலகையில் பூசிப் பார்ப்பேன்.

சுண்ணாம்பு எல்லா நிறத்தையும் ஏற்காது. அதன் காரத்தில் பிரஷ்யன் நீலம் பழுத்துவிடும். மண்ணிலிருந்து வரும் காவிக்கும் மஞ்சள் காவிக்கும் ஒன்றும் ஆகாது, இரண்டுமே இரும்பு ஆக்சைடு. மஞ்சள் காவியில் நீர் பிணைந்திருக்கிறது. சுமார் 300 பாகை செல்சியஸ் சூட்டில் அது வெளியேறியதும் மஞ்சள் சிவப்பாகிவிடும். ஒரே மண்ணிலிருந்து இரண்டு நிறங்கள், அதனால்தான் அவை பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் சண்டை போடுவதில்லை. சுண்ணாம்பு அடித்த ஈரத்தில் நிறம் அடர்த்தியாக இருக்கும், வீட்டுக்காரர் பதறுவார். காய்ந்தால் பல படி வெளுக்கும். மறுநாள் வரை யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதில் நான் கண்டிப்பு. அக்ரிலிக் பட்டி பார்த்த அடுக்குமாடிச் சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. அங்கே பளபளப்பில்லாத எமல்ஷனில் அதே மண் நிறங்களைத் தேடிக்கொள்வேன்.

வெளிச்சத்தைப் பற்றி மேலைநாட்டுப் புத்தகங்கள் சொல்வதை அப்படியே எடுக்க முடியாது. வடக்கு அறைக்குக் குளிர்ந்த ஒளிதான் வரும், வெதுவெதுப்பான நிறம் அடியுங்கள் என்கின்றன. சென்னை இருப்பது 13 பாகை வடக்கில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது, கோடையில் வடக்குச் சுவரும் வெயில் காய்கிறது. அந்த அறைக்கு ஆரஞ்சு அடித்துவிட்டு மே மாதத்தில் உட்கார முடியாது.

தரையும் சுவருக்கு நிறம் கொடுக்கும். ரெட் ஆக்சைடு தரை உள்ள கூடத்தில் வெயில் விழும்போது வெள்ளைச் சுவர் இடுப்பளவுக்குச் சிவக்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த வீட்டிலும் இப்படித்தான், அங்கே சுவரை வெறும் சுண்ணாம்போடு விட்டுவிடச் சொல்வேன்.

வெளிச்சுவருக்கு ஒரு காவிப் பட்டை கேட்டு வாங்குகிறேன், தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு. அதற்கு மட்டும் வாசல் மண்ணையே சலித்துக் கலக்கச் சொல்வேன். ஐப்பசி மழையில் தெறிக்கும் சேறு அதே நிறத்தில்தான் வந்து விழப்போகிறது.