அளவெடுத்தவர்

அண்மையில் கொக்குவிலில் ஒரு மொரிஸ் மைனரைக் கண்டேன். அகன்ற சில்லுகள், அவற்றுக்கு இடம்விட்டு வெளியே புடைத்த மட்காட்கள், பளபளக்கும் சிவப்பு. சொந்தக்காரனான இளைஞன் பெருமையோடு சுற்றிக் காட்டினான். அழகாகத்தான் இருந்தது, இளமையின் ஆசையைக் குறைகூற நான் யார்? ஆனால் என் விரல்கள் என்னையறியாமல் தகட்டின் உள்விளிம்பைத் தடவின. அங்கே ஆணித்தலைகள் இல்லை.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைப்பட்டது, மின்சாரம் நின்றது, புதிய ரயர் கனவாயிற்று. பழைய ஒஸ்ரின்களும் மைனர்களும் சில துளி பெற்றோலில் உயிர்த்து மண்ணெண்ணெயில் ஓடின. சின்னமாமாவின் மைனர் வாடகைக் கார். பிள்ளைப்பேற்றுக்குச் செல்லும் பெண்களும் காயப்பட்டவர்களுமே பெரும்பாலும் அதில் ஏறினர். அதன் ரயர்கள் நூல் தெரியத் தேய்ந்தபோது கிடைத்தவையோ ஒரு வானிலிருந்து கழற்றியவை. 14 அங்குல றிம்மில் அவை ஏறின. ஆனால் அகலம் மிகுதி. வளைவுகளில் மட்காட்டை உரசின.

கராஜ்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். எங்கள் வீட்டில் இளையவர்கள்கூட அவரை 'நீ' என்றே அழைத்தனர், நானும் அப்படித்தான். உயர்தர வகுப்பில் பௌதிகம் படிப்பவன் என்ற கர்வம் வேறு.

அவர் உடனே வாளை எடுக்கவில்லை. எங்கள் நால்வரைக் காரில் ஏற்றினார். பின்னால் இரண்டு மண்மூட்டைகளையும் வைத்தார். சுக்கானை இருபுறமும் முழுதாகத் திருப்பி, ரயர் தொடும் இடங்களில் சுண்ணாம்புக் கோடிட்டார். "நிக்கிற காருக்கு அளவெடுக்கக் கூடாது தம்பி. ஆள் ஏறின காருக்குத்தான் எடுக்கவேணும்" என்றார். பிறகு புரிகளைக் கழற்றி மட்காட்களை இறக்கி, விளிம்பைப் பிறை வடிவில் அறுத்து, தார்ப்பீப்பாய்த் தகட்டை வளைத்து ஆணியறைந்து அகலப்படுத்தினார். ஒட்டுவதற்கு மின்சாரம் ஏது? சுக்கான் பாரமாகும், போறிங் கெதியில் தேயும் என்பதையும் மறைக்கவில்லை.

1948இல் வெளிவந்த அந்தக் காரின் கதையைப் பின்னர் படித்தேன். உற்பத்திக்குமுன் ஒடுக்கமாகத் தோன்றியதால், அதை ஆக்கிய இசிகோனிஸ் மாதிரிக் காரை நெடுக்காகப் பிளந்து, பாதிகளை விலக்கிப் பார்த்து, 4 அங்குலம் கூட்டினாராம். 1969இல் அவருக்குச் 'சேர்' பட்டம் கிடைத்தது. 1990களில் தென்னிலங்கையில் மைனர்களுக்குப் புதிய தகடுகள் அடித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் என்பதையும் அறிந்தேன். ஒரே தீவுதான்; எங்களுக்கு வாய்த்தது தார்ப்பீப்பாய்.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுவதும் ஓரிரவில் வெளியேறிக்கொண்டிருந்தது. எங்கள் காரில் குழந்தைகளோடு ஒன்பது பேர், கூரைமேல் மூட்டைகள். நாவற்குழிப் பாலத்துச் சனநெரிசலில், மழைக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு கராஜ்காரர் நடந்தார். காரில் இடமில்லை என்று நாங்கள் சொல்லவுமில்லை, அவர் கேட்கவுமில்லை. பக்கத்தில் வந்தபோது குனிந்து முன்சில்லைப் பார்த்தார்.

"உரசயில்லை" என்றார்.