பெயர் தெரியாமல் சாப்பிட்ட ஆறு தட்டுச் சோறு

"எந்த ரகத்து நெல்லுச் சோறு ருசியாக இருக்கும்?" நம் கேள்வி-பதில் பகுதிக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. ரகத்தின் வயது, மகசூல், நோய் தாங்கும் தன்மை எல்லாவற்றையும் எழுதிவிட்டு, கடைசியில் 'சாப்பாட்டுக்கு ஏற்றது' என்று இரண்டு வார்த்தை சேர்த்துப் பதிலை முடித்துவிடுவது என் வழக்கம். சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறீர்களா என்று யாரும் கேட்டதில்லை. போன தை மாதம் சந்தவாசலில் ஒரு நண்பர் கேட்டுவிட்டார்.

வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாகப் போளூர் போகும் சாலையில் இருக்கிறது சந்தவாசல். படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிறவர்கள் இங்கேதான் திரும்ப வேண்டும். ஆடி மாதத்தில் அந்தத் திருப்பத்தில் நிற்க இடம் இருக்காது. தை மாதத்தில் அமைதி. மேற்கே ஜவ்வாது மலை, அதன் அடியில் படவேட்டு வாழைத் தோட்டங்கள். கிழக்கே ஆரணிப் பக்கம் பட்டுத் தறிகளும் நெல் வயல்களும். நடுவில் களம்பூர். பட்டுக்கு ஆரணி என்றால், பொன்னி அரிசிக்குக் களம்பூர். சென்னையில் ஒரு மளிகைக் கடையில் 'களம்பூர் பொன்னி' என்று சொல்லிப் பாருங்கள், விலை தானாகவே ஏறும்.

நண்பருக்கு இரண்டு ஏக்கர், வெள்ளைப் பொன்னிதான். "எங்க ஊரு பொன்னிய கண்ண மூடிக்கினு துன்னாலும் சொல்லிடுவேன் சார்" என்றார். நான் கொஞ்சம் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. "நீங்க எல்லா ரகத்தையும் துன்னு பாத்துட்டுத்தான் எழுதுறீங்களா?" என்று திருப்பினார். அப்படி ஆரம்பித்தது.

பெயரை மறைத்து ருசி பார்ப்பது புதிய விஷயமில்லை. இதில் பெரிய கதை ஒன்று சிவப்பு ஒயினைப் பற்றியது. விவசாயப் பத்திரிகையில் ஒயினா என்று நினைக்க வேண்டாம், அதுவும் திராட்சை விவசாயியின் பாடுதான். 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வியாபாரி, பெயர்ச் சீட்டு தெரியாதபடி ஒயினை ஊற்றி பிரெஞ்சு நிபுணர்கள் ஒன்பது பேருக்குக் கொடுத்தார். சிவப்பில் பிரான்சுடையது நான்கு, அமெரிக்காவின் கலிபோர்னியாவுடையது ஆறு. பிரான்சை யாரும் அசைக்க முடியாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். முதலிடம் கலிபோர்னியாவின் 'ஸ்டாக்ஸ் லீப்' ஒயினுக்குப் போனது. நடுவர்களில் ஒருவர் தன் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டார் என்று சொல்வார்கள். அதுவரை பெயரில்லாமல் கிடந்த கலிபோர்னியாக்காரர்களின் சரக்குக்கு அதன் பிறகுதான் உலகச் சந்தையில் மரியாதை வந்தது.

அரிசிக்கு இதை வருடந்தோறும் செய்கிறவர்கள் ஜப்பானியர்கள். அங்குள்ள தானிய ஆய்வுச் சங்கம் 1971 முதல் அரிசிகளைச் சமைத்து, பயிற்சி பெற்ற 20 பேரைச் சாப்பிடவைத்துத் தரம் பிரிக்கிறது. தோற்றம், மணம், ருசி, ஒட்டும் தன்மை, கெட்டித் தன்மை, மொத்தத்தில் எப்படி என்று தனித்தனியாகப் பார்க்கிறார்கள். நம் ஊரில் இதை மாமியார்கள் செய்துகொண்டிருந்தார்கள், கணக்குதான் எழுதவில்லை.

நாங்கள் எடுத்தது ஐந்து அரிசி. நண்பர் இந்தத் தையில் அறுத்த வெள்ளைப் பொன்னி. அதே வயலில் போன தையில் அறுத்து, நெல்லாகவே குதிரில் கிடந்த வெள்ளைப் பொன்னி. ஆந்திரப் பொன்னி என்று நாம் சொல்லும் பி.பி.டி. 5204. குறுகிய கால ரகமான கோ 51. பாரம்பரிய ரகத்தில் தூயமல்லி. ஐந்தையும் ஒரே சிறிய மில்லில் பச்சரிசியாகவே அரைத்தோம். அவித்தால் பக்குவம் ஆளுக்கு ஆள் மாறும், ஒப்பிட முடியாது. "படையலுக்குப் போடற பச்சரிசியையா நாள் முழுக்கத் துன்றது" என்று முணுமுணுப்பு எழுந்தது உண்மை.

தட்டு மட்டும் ஆறு. பி.பி.டி.யை இரண்டு எண்ணில் வைத்தோம். அது எங்களையே சோதிக்க. ஒன்று, இரண்டு என்று எண் போட்டால் முதல் எண்ணுக்கு மனம் சாயும் என்பதால் 417, 268 என்று மூன்று இலக்க எண்கள். எந்த எண் எந்த அரிசி என்ற பட்டியல் நண்பரின் கல்லூரிப் பெண்ணிடம். அவள் சாப்பிடக் கூடாது, திண்ணையை விட்டு உள்ளே வரவும் கூடாது. சமைத்த அண்ணிக்கும் எண்தான் தெரியும்.

சாப்பிட உட்கார்ந்தவர்கள் எட்டுப் பேர். நண்பர், அவர் அம்மா, பட்டு நெய்கிற ஒருவர், அரிசி மில்லில் கணக்கு எழுதுகிறவர், படவேட்டு வாழைக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர், சமைத்து முடித்து வந்த அண்ணி, நான்.

முதல் சுற்றே பாழானது. தப்பு என்னுடையது. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு தண்ணீர், ஒரே நேரம் என்று புத்தகப்படி வைக்கச் சொன்னேன். ஒன்று குழைந்தது, ஒன்று நறுக்கரிசியாக நின்றது. நண்பரின் அம்மா, ஊரே ஆயா என்று கூப்பிடும் அவர், சோற்றை விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பழசு தண்ணி குடிக்கும், புதுசு குடிக்காது. ரெண்டுக்கும் ஒரே தண்ணி வெச்சா இன்னாத்துக்கு ஆவும்? எத்தினி வருசமா ஆபீசரா கீற நீ?" முப்பது வருடம் ஆகப்போகிறது என்று நான் சொல்லவில்லை.

இரண்டாம் சுற்றில் ஒவ்வொன்றையும் அதனதன் பதத்துக்கு வடித்தார்கள். இதில் இன்னொரு சிக்கல். மில் கணக்கர் மணியின் பருமனைப் பார்த்தே "இது பி.பி.டி." என்றார். கண்ணால் பார்த்துச் சொல்வது ருசி இல்லையே. பிரான்சின் போர்தோ நகரில் செய்து 2001இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து 54 பேரிடம் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் மணங்களையே சொன்னார்கள். கண் பார்த்ததை மூக்கு ஒப்புக்கொண்டுவிட்டது. நம் வீடுகளில் வெள்ளையாகத் தீட்டிய அரிசிதான் நல்ல அரிசி என்று ஆனதும் இப்படித்தான். பொழுது சாய்ந்ததும் விளக்கை அணைத்துவிட்டுச் சாப்பிட்டோம். மின்சாரம் போகட்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்று ஒருநாள்தான்.

நெசவாளர்தான் பொறுமையாக மென்றார். பட்டு நூலைக் கொளுத்தினால் முடி கருகுகிற வாடை வரும், பொய் நூல் என்றால் உருகி உருண்டையாகும், பத்து விநாடியில் தெரிந்துவிடும் என்றார். "சோத்துக்கு அப்டி ஒரு வழி இல்லியே சார்."

பட்டியலைப் பிரித்தபோது நண்பரின் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எட்டுப் பேர் மதிப்பெண்ணையும் கூட்டினால் முதலிடம் 268. கடைசி இடம் 417. நண்பர் 417க்குப் பத்துக்கு மூன்று போட்டு, "எவனோ யூரியாவக் கொட்டி வளத்தது" என்று பக்கத்தில் குறிப்பும் எழுதியிருந்தார். 417 அவர் வீட்டுப் புதுப் பொன்னி. 268 அவர் வீட்டுப் பழைய பொன்னி. ஒரே வயல், ஒரே ரகம், இடையில் ஒரு வருடம்.

என் கதையும் பெருமைப்படும்படி இல்லை. ஒரே பி.பி.டி.க்கு ஒரு தட்டில் எட்டு, இன்னொரு தட்டில் ஐந்து போட்டிருந்தேன். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் போட்டவர்கள் மூன்றே பேர்: ஆயா, அண்ணி, நெசவாளர். தூயமல்லியைப் பெயர் சொல்லிக் கண்டுபிடித்தவர் ஒருவரும் இல்லை. கோ 51 சூடாக இருந்தபோது இரண்டாம் இடத்தில் இருந்தது, ஆறியதும் விறைத்துப் பின்னால் போனது. மறுநாள் காலை மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்த பழையதைக் குடித்தோம். அதில் எல்லோரும் ஒரே குரலில் தூயமல்லி என்றார்கள். எந்த வேளைக்கு எந்தச் சோறு என்பதைச் சேர்த்துத்தான் ருசியைப் பேச வேண்டும் போலிருக்கிறது. பொங்கல் வைக்கக் குழைகிற புது அரிசிதான் வேண்டும். கடைசியில் வந்த 417 அங்கே முதலில் வந்திருக்கும்.

வெள்ளைப் பொன்னி மலேசியாவிலிருந்து வந்த மசூரியின் வழி. பி.பி.டி. 5204இன் பெற்றோரிலும் மசூரி உண்டு. கூடவே 1921இல் கோயம்புத்தூரில் தேர்ந்தெடுத்த ஜி.இ.பி. 24, அதாவது கிச்சிலிச் சம்பாவும் உண்டு. ஆந்திரா, களம்பூர் என்று நாம் பிரித்துப் பேசுவது பங்காளிகளைத்தான்.

ஆனால் அன்று எங்கள் தட்டில் ரகத்தைவிடப் பெரிய வித்தியாசம் செய்தது நெல்லின் வயது. அறுத்த புதிதில் அரிசியின் மாவு வேகும்போது கஞ்சியில் கரைகிறது, சோறு ஒட்டுகிறது. மாதங்கள் போகப்போக மாவும் புரதமும் இறுகும். மணி அதிகத் தண்ணீர் இழுத்து, உடையாமல் விரியும், உதிரியாக வரும். ஆறு மாதத்தில் நன்றாகவே தெரியும். புழுங்கலாக அவித்தாலும் மணி இறுகும் என்பதால் அதில் இந்த வித்தியாசம் கொஞ்சம் குறையும். அரிசியாக வைத்தால் தவிட்டு எண்ணெய் காறி வாடை வரும். நெல்லாக, உமியோடு வைப்பதே நல்லது.

நண்பர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப என் நெல்ல நான் ருசி வரதுக்கு முந்தி வித்துடறேன்" என்றார். உண்மைதான். களத்திலேயே மூட்டை கட்டி அனுப்புகிறோம். பழைய அரிசிக்குச் சேரும் விலை, வைத்திருந்து விற்கிறவருக்குப் போகிறது.

வைத்திருப்பது சும்மா வராது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரம் வரை எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் ஒரு வருடம் வைக்க 12 சதவீதத்துக்குக் காயவேண்டும். அப்படிக் காய்ந்தால் 75 கிலோ மூட்டையில் நாலேகால் கிலோ எடை போய்விடும். ஆக, விலை ஆறு சதவீதம் ஏறினால்தான் கைக்காசு போகாமல் நிற்கும். அதற்கு மேல் அந்துப்பூச்சி, எலி, கடனுக்கு வட்டி. பணம் உடனே வேண்டியவர்களுக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பொருளீட்டுக் கடன் இருக்கிறது. நெல்லைக் கிடங்கில் வைத்து, அதன் மதிப்பில் 75 சதவீதம் வரை 180 நாட்களுக்கு வாங்கலாம். ஆரணியிலும் போளூரிலும் விற்பனைக்கூடம் உண்டு. ஈரம் பார்க்கும் கருவியும் அங்கே இருக்கும், காய்ந்ததா என்று பல்லால் கடித்துப் பார்ப்பதோடு நிற்க வேண்டாம்.

எல்லா நெல்லையும் வையுங்கள் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வாயும் இல்லை. முப்பது வருடமாக நான் மகசூல் எழுதிய நோட்டுகளில் ருசிக்கு ஒரு கட்டம்கூடப் போட்டதில்லை. பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்கு வேண்டியதை அவர் அந்த வாரமே விற்றார். எட்டு மூட்டையை மட்டும் இன்னும் இரண்டு நாள் வெயிலில் போட்டார். ஆயா நொச்சி இலையை நிழலில் உலர்த்தி அடுக்கடுக்காகப் போட்டுக் குதிரை மூடினார். அண்ணி குதிரின் மேல் சுண்ணாம்பால் தேதி எழுதினார், பக்கத்தில் 417 என்றும்.

ஆடிக்குப் படவேடு போகும்போது வந்து சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள்.